குரே துறைமுகத்தில் ஒரு செவ்வாயும் ஒரு வியாழனும்

2024 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நானும் மகளும் ஜப்பானில் ஹிரோஷிமாவுக்கு அருகேயுள்ள குரே நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தின் முன்னே போய் நின்றபோது அதன் கதவுகள் பூட்டியிருந்தன. வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு முழு நீர்மூழ்கிக் கப்பலைத் தரையில் தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு அருங்காட்சியகம்தான். அதன் வாசலும் பூட்டியிருந்தது. இரண்டுக்கும் செவ்வாய்தான் விடுமுறை நாள். ஜப்பானில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, திங்களைக் கவனமாகத் தவிர்த்துவிட்டுத்தான் நாங்கள் அன்று வந்திருந்தோம். "நீங்கள் பாத்திருப்பியள் எண்டு நினைச்சன் அப்பா" என்றாள் மகள். ஜப்பானிய மொழி வாசிக்கத் தெரிந்த அவள் பார்த்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். குரேக்குப் போக எண்ணுபவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்கட்டும். செவ்வாய் அரச விடுமுறையாக அமைந்தால் அன்று திறந்து வைத்து, மறுநாள் மூடுவார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கட்டும்.

ஹிரோஷிமாவுக்கு வருகிற எங்கள் ஆட்களில் பலர் அமைதிப் பூங்காவையும் மியாஜிமா தீவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் குரேக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் எங்கள் ஊர். திருகோணமலையில் பிறந்து, அங்கேயே முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு வீசின. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கியிருந்தார்கள். அந்த விமானங்கள் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்டவை. அவற்றுள் அகாகி, சோரியூ என்ற இரண்டும் குரேயில் கட்டப்பட்டவை. அணியின் தளபதி நகுமோ நின்ற தலைமைக் கப்பலும் அகாகிதான்.

என் அம்மம்மா வாசிக்கத் தெரியாதவர். ஆனால் அந்தக் காலையை மணிக்கணக்காகச் சொல்லுவார். "அடுப்பிலை புட்டு அவியுது, மேலை வண்டு இரையிற மாதிரி ஒரு சத்தம்" என்று தொடங்குவார். புட்டுக்குழலை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மாட்டு வண்டியில் தம்பலகாமத்துக்கு ஓடியது, பின்னால் எண்ணெய்க் குதம் எரிந்த புகை நாட்கணக்காகத் தெரிந்தது என்று போகும் கதை. "யப்பான்காரன்" என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அந்தப் புகைதான் பொருள். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையிலும் அதே நாட்களில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறியதாகப் பின்னாளில் படித்தேன். ஆகவே அந்தக் கப்பல் பிறந்த ஊரை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்குள் நெடுங்காலமாகக் கிடந்தது.

கதவு பூட்டியிருந்த செவ்வாயை நாங்கள் வீணாக்கவில்லை. இன்று யோசித்தால், முதல்நாள் ஊரைப் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் அருங்காட்சியகத்தைப் பார்த்ததுதான் சரியான ஒழுங்கு என்று தோன்றுகிறது. நிலையத்தின் முன்னிருந்து பேருந்தில் சிறிது தூரம் சென்றால் அலே கராசுக்கோஜிமா என்ற கடலோரப் பூங்கா வருகிறது. இறங்கவேண்டிய தரிப்பிடத்தின் பெயரை மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள்: "நீர்மூழ்கிப் படைக்கு முன்னால்." பெயரில் மிகை எதுவும் இல்லை. நடைபாதையின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றால், கல்லெறி தூரத்தில் கறுப்பு நிற நீர்மூழ்கிக் கப்பல்கள் வரிசையாகக் கட்டி நிற்கின்றன. எங்கள் ஊரில் கடற்படைத் தளத்தின் வேலிக்கு அருகே ஒரு நிமிடம் கூடுதலாக நின்றாலே யாராவது வந்து விசாரிப்பார்கள். இங்கே ஒரு கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார். இரண்டு பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள். கரையில் 1901ஆம் ஆண்டு செய்த ஒரு பாரந்தூக்கி நிற்கிறது. டோர்ப்பிடோக்களை ஏற்றி இறக்கப் பயன்பட்டது. அதன் பின்னால் செங்கல் கிடங்குகள் நீளமாகப் போகின்றன.

அங்கே நின்று சுற்றிப் பார்த்தால், இந்த ஊரை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பதற்கு எந்தப் பலகையும் தேவையில்லை. மூன்று பக்கமும் மலை. நான்காம் பக்கம் கடலைத் தீவுகள் மறித்து நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் எதிரிக்கு உள்ளே இருப்பது தெரியாது. உள்ளே நிற்கும் கப்பலுக்குப் புயலும் எட்டாது. ஆழமான நீர், மூடிய வாய், பின்னால் குன்று என்று எங்கள் துறைமுகத்தைப் பற்றி நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டிய அதே படம். திருகோணமலையைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து பிடித்தார்கள். குரேயைப் பிடித்தது அதன் சொந்த அரசு. மீன்பிடிக் கிராமங்களாக இருந்த இடத்தில் 1889இல் கடற்படை மாவட்டத் தலைமையகம் திறக்கப்பட்டது. 1903இல் கப்பல்கட்டும் தளமும் ஆயுதத் தொழிற்சாலையும் ஒன்றாகிக் கடற்படை ஆயுதசாலை என்ற பெயரைப் பெற்றன. போர்க்காலத்தில் நாலு இலட்சத்தை எட்டிய நகரின் மக்கள்தொகை இன்று அதில் ஏறத்தாழப் பாதி. நல்ல துறைமுகமாகப் பிறந்த ஊருக்கு நிம்மதி இல்லை என்று அம்மம்மா சொல்லுவார்.

பேருந்துப் பாதையிலேயே "வரலாறு தெரியும் குன்று" என்ற ஒரு இடம் இருக்கிறது. குன்று என்பது சற்று மிகையான பெயர். வீதியோரத்து மேடு என்றே சொல்லலாம். அங்கிருந்து கீழே கப்பல்கட்டும் தளம் முழுவதும் தெரிகிறது. யமாட்டோ என்ற பெரும் போர்க்கப்பலைக் கட்டிய உலர்துறை நிரப்பப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு மேலே, பிறர் கண்ணில் படாமல் மறைக்கப் போட்ட பெரிய கூரையின் எலும்புக்கூடு இன்றும் நிற்கிறது, அதன் கீழே இன்றும் இரும்பு வெட்டுகிறார்கள். அக்காலத்தில் இந்தக் கரையோரம் செல்லும் புகையிரதத்தில் கடல் பக்கத்து யன்னல்களை மூடிவிட்டே பயணிகளை ஏற்றிச் சென்றார்களாம். இன்று அதே பாதையில் கடல் பக்கத்து இருக்கைக்குத்தான் போட்டி. ஹிரோஷிமாவிலிருந்து குரேக்குப் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். விரைவு வண்டி அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். சாதாரண வண்டி முக்கால் மணி நேரத்தை நெருங்கும். அவசரமில்லாதவர்கள் சாதாரண வண்டியில் ஏறுவதே நல்லது. கடற்கரையை ஒட்டி, சிப்பி வளர்க்கும் மிதவைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

வியாழனன்று மீண்டும் வந்தோம். நிலையத்திலிருந்து ஒரு பெரிய கடைத்தொகுதிக்கு ஊடாகச் செல்லும் மேல்நடைபாதையில் ஐந்து நிமிட நடை. மழை பெய்தாலும் நனையாமல் போய்ச் சேரலாம், முழங்கால் நோவுள்ளவர்களுக்கு மின்தூக்கியும் உண்டு. அருங்காட்சியகத்துக்கு நீளமான அதிகாரபூர்வப் பெயர் இருந்தாலும் ஊரில் எல்லோரும் "யமாட்டோ மியூசியம்" என்றே சொல்கிறார்கள். வழி கேட்கும்போதும் அப்படிக் கேட்டால்தான் புரிகிறது. 2005இல் திறந்தது. நாங்கள் போன வேளையில் பெரியவர்களுக்கு 500 யென். எங்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும், ஏனெனில் நாங்கள் போய் நான்கு மாதத்தில், 2025 பிப்ரவரியில், புதுப்பிக்கும் வேலைக்காக அதை ஒரு வருடத்துக்கு மேலான காலத்துக்கு மூடினார்கள். ஆகவே கட்டணத்தையும் காட்சி ஒழுங்கையும் பற்றி நான் சொல்வதை அந்தப் பழைய நிலைக்கு உரியதாகக் கொண்டு, புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்தவுடன் யமாட்டோ நிற்கிறது, பத்தில் ஒரு பங்கு அளவில். பத்தில் ஒரு பங்கு என்று கேட்டு நான் மேசைமேல் வைக்கும் ஒரு பொருளைத்தான் கற்பனை செய்திருந்தேன். இது 26.3 மீட்டர். எங்கள் ஊர் மீனவர்களின் பலநாட் படகைவிட நீளம். உண்மைக் கப்பல் 263 மீட்டர் நீளமும், முழுச் சுமையோடு 72,000 தொன்னுக்கு மேல் எடையும் கொண்டது. 1937 நவம்பரில் அடிக்கட்டை இட்டு, 1941 டிசம்பரில், அதாவது பேர்ள் துறைமுகத் தாக்குதல் நடந்த அடுத்த வாரம், பணியில் சேர்த்தார்கள். 46 சென்டிமீட்டர் வாயுடைய ஒன்பது பீரங்கிகள்; ஒரு குண்டின் எடை ஏறக்குறைய ஒன்றரைத் தொன்; அது போய் விழும் தூரம் 42 கிலோமீட்டர். திருகோணமலையிலிருந்து சுட்டால் கந்தளாய்க்கு அப்பால் போய் விழும் என்று மகளுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் குண்டின் மாதிரியை அளப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இங்கே ஒரு செய்தி சொல்லவேண்டும். பெரும்பாலானோர் மாதிரியின் முன்னே படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், மாதிரியின் மூக்குப் பக்கம் போய் நீர்மட்டத்துக்குக் கீழே வரும் பகுதியைப் பாருங்கள். முன்புறத்தில், நீருக்கு அடியில், ஒரு பெரிய குமிழ் துருத்திக்கொண்டு நிற்கிறது. கப்பல் நீரைக் கிழிக்கும்போது எழும் அலையை இந்தக் குமிழ் எழுப்பும் இன்னொரு அலை கொண்டு தணித்து, எந்திரத்தின் சுமையைக் குறைப்பதுதான் இதன் வேலை. இன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கொள்கலன் கப்பல்களில் வெறுமையாய் மிதப்பவற்றின் முகப்பில் சிவப்பாகத் தெரியும் அந்த மூக்கு இதே வகைதான். பிறகு சாய்தளம் வழியாக மேல்தளத்துக்கு ஏறி, மேலிருந்து தளத்தைப் பாருங்கள். கீழிருந்து கம்பீரமாகத் தெரிந்த கப்பலில், மேலிருந்து பார்க்கும்போதுதான் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் எத்தனை நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கின்றன என்பது புரிகிறது. வானத்துக்குப் பயந்த கப்பல் அது.

பயந்ததும் நியாயமே. 1945 ஏப்ரல் 7ஆம் திகதி, ஒகினாவாவை நோக்கிய, திரும்பி வரும் நம்பிக்கையில்லாத பயணத்தில், அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. கப்பலில் இருந்த 3,332 பேரில் 3,056 பேர் இறந்தனர். இறந்தவர்களின் பெயர்களை அவரவர் பிறந்த மாநிலவாரியாகச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது: கண்ணாடிக்கு மேலே, ஓரிடத்தில், கையெட்டும் உயரத்தில், விரல் பட்டுப் பட்டு மங்கிய ஒரு திட்டு. அதைத் தொட்டவர் யாருடைய மகனோ, பேரனோ. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இந்த அருங்காட்சியகத்தில் தன்னார்வ வழிகாட்டிகள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. பணி ஓய்வு பெற்ற ஆட்களாகத் தெரிகிறது. விளக்கப் பலகைகளின் நுணுக்கமான பகுதிகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருப்பதால், மொழி தெரிந்த ஒருவர் உங்களுடன் இருந்தால் வெட்கப்படாமல் இவர்களை அணுகுங்கள். எங்களிடம் தாமாக வந்தவர் எண்பதை நெருங்கிய ஒருவர். தாம் கப்பல்கட்டும் தளத்தில் காய்ச்சி ஒட்டும் வேலை செய்தவர் என்று கையால் காட்டினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மகள் இலங்கை என்றாள். நான் இடையில் புகுந்து "திருகோணமலை" என்றேன், அவருக்குப் புரியவில்லை. மகள் ஆங்கில உச்சரிப்பில் சொன்னதும் தலையை ஆட்டினார், "தோரிங்கோமாரி" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் எங்களைக் குரேயில் கட்டிய கப்பல்களைப் பற்றிய பகுதிக்கு அழைத்துச் சென்று, அகாகியின் படத்தின் முன்னே நின்றார்.

அகாகியை 1920இல் போர்க்கப்பல் வகையைச் சேர்ந்த ஒன்றாகத்தான் கட்டத் தொடங்கினார்கள். பெரிய நாடுகள் 1922இல் வாஷிங்டனில் செய்துகொண்ட கடற்படை உடன்படிக்கையின்படி அத்தகைய கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டி வந்தது. பாதி கட்டிய உடலை உடைப்பதற்குப் பதிலாக அதன்மேல் விமான ஓடுதளத்தை ஏற்றி, 1927இல் விமானந்தாங்கியாக முடித்தார்கள். ஆயுதக் குறைப்புக்காகச் செய்த ஒரு உடன்படிக்கைதான் எங்கள் வானத்துக்கு விமானங்களைக் கொண்டுவந்த கப்பலுக்கு வழி செய்தது என்பதை, இத்தனை வருடம் வரலாறு படிப்பித்தும், அந்தப் படத்தின் முன்னே நின்றபோதுதான் நான் சேர்த்துப் பார்த்தேன்.

கிழவர் ஏதோ சொன்னார். மகள் சற்று நேரம் எடுத்து மொழிபெயர்த்தாள்: "நல்ல துறைமுகம், இல்லையா என்று கேட்கிறார்." ஓம் என்று தலையாட்டினேன். மன்னிப்பு, வருத்தம் என்று அவர் எதையும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு துறைமுகக்காரர் பேசிக்கொள்ளக்கூடியது அவ்வளவுதான் என்று தோன்றியது. திருகோணமலைத் தாக்குதல் நாளிலேயே, தப்பவைப்பதற்காக முதல் இரவு துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டிருந்த பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் இறந்தார்கள். அதன் உடல் இன்றும் அங்கே கடலடியில் கிடக்கிறது. அகாகியும் சோரியூவும் அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட மிதக்கவில்லை. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் இரண்டும் போய்விட்டன.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். இத்தகைய இடங்களுக்குப் போகுமுன் உங்கள் ஊரோடு தொடுப்புள்ள இரண்டு மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்தப் பெயர்களை உள்ளூர் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மகள் என் குறிப்புப் புத்தகத்தில் அகாகி, சோரியூ என்ற பெயர்களைப் பெரிதாக எழுதித் தந்திருந்தாள். வாசிக்கத் தெரியாத ஒரு மண்டபத்தில், அந்த இரண்டு பெயர்களின் உருவத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தேடுவது, நூறு பலகைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு போவதைவிட எவ்வளவோ மேல். எழுத்து அறியாத அம்மம்மா பேருந்தின் பெயர்ப்பலகையை எப்படி அடையாளம் கண்டார் என்பதும் அன்று எனக்குப் புரிந்தது.

பெரிய பொருட்களுக்கான மண்டபத்தில் ஒரு சீரோ போர்விமானம் இருக்கிறது. 1945 ஆகஸ்டில் எந்திரக் கோளாறால் பிவா ஏரியில் இறங்கி மூழ்கியதை 1978இல் வெளியே எடுத்தார்கள். அருகிலேயே கைத்தென் எனப்படும், மனிதன் உள்ளே அமர்ந்து எதிரிக் கப்பலில் மோதுவதற்கான டோர்ப்பிடோ. அதன் நுழைவாயிலின் அகலத்தைப் பார்த்தபோது, எங்கள் மண்ணிலும் கடலிலும் இதே வகைச் சாவுகளைப் பார்த்த எனக்கு நிற்க மனமில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். இந்த மண்டபத்தில் சிறு பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அவர்களை உடன் கொண்டுவருவோர் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முன்கூட்டியே யோசித்து வரவேண்டும்.

என்னைக் கேட்டால், அதிகம் பேர் கவனிக்காத பகுதி போருக்குப் பிந்தையதுதான். ஆயுதசாலை போனபின் பல்லாயிரக்கணக்கான கைதேர்ந்த ஆட்கள் வேலையின்றி நின்றார்கள். 1950இல் குரே, யொகொசுக்கா, சசெபோ, மைசுரு என்ற நான்கு பழைய கடற்படை நகரங்களையும் அமைதித் தொழில்களுக்கு மாற்றவென்று தனிச் சட்டம் இயற்றினார்கள். அடுத்த வருடம் ஓர் அமெரிக்கக் கப்பல் நிறுவனம் யமாட்டோவைக் கட்டிய தளத்தைக் குத்தகைக்கு எடுத்தது. போர்க்கப்பல் கட்டிய அதே கைகள், பகுதி பகுதியாகத் தரையில் செய்து பிறகு பொருத்தும் முறையில், எண்ணெய்க் கப்பல்களைக் கட்டின. ஒரு இலட்சம் தொன் சுமை எல்லையைத் தாண்டிய உலகின் முதல் எண்ணெய்க் கப்பலான யுனிவேர்ஸ் அப்பல்லோ 1959இல் இங்கேதான் உருவானது. ஆயுதசாலை நிலத்தில் எழுந்த உருக்காலையோ 2023இல் மூடப்பட்டது. அந்த நிலத்தைப் பாதுகாப்புத் தேவைக்கு வாங்க அரசு 2024இல் முன்மொழிந்திருக்கிறது. வட்டம் எங்கே வந்து நிற்கும் என்பது ஊர்க்காரர்களுக்கு விட்ட கணக்கு.

நீர்மூழ்கிக் கப்பலுக்கு மத்தியானத்துக்குப் பிறகு போனோம். "இரும்புத் திமிங்கிலம்" என்று ஊரில் சொல்லும் இந்த இடத்தைக் கடற்படையே நடத்துகிறது, அனுமதி இலவசம். அகிஷியோ என்ற அந்தக் கப்பல் 76 மீட்டர் நீளம். 1986 முதல் 2004 வரை சேவையில் இருந்தது. எல்லோரும் நேரே கப்பலுக்குள் ஏறத் துடிப்பார்கள். கீழே கண்ணிவெடி அகற்றும் பகுதியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். போரின் கடைசி மாதங்களில் அமெரிக்க விமானங்கள் ஜப்பானைச் சுற்றியுள்ள கடலில் 12,000க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை இட்டன. போர் முடிந்த பின்னரும் கப்பல்கள் வெடித்துக்கொண்டிருந்தன, துப்புரவாக்கப் போனவர்களும் இறந்தார்கள். அந்தத் தேர்ச்சியை வைத்தே ஜப்பானியக் கடற்படையினர் 1991இல் பாரசீக வளைகுடாவுக்குச் சென்று 34 கண்ணிவெடிகளை அழித்தார்கள். மரத்தால் கட்டிய கண்ணிவாரிக் கப்பலின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வன்னியில் முழங்காலிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிண்டிய பெண்களின் நினைவு வந்தது. இரும்பு இருந்தால் காந்தக் கண்ணிவெடி விழித்துக்கொள்ளும், அதனால்தான் மரம்.

கப்பலுக்குள் படுக்கைகள் மூன்று அடுக்காக இருக்கின்றன. ஒரு படுக்கையில் பார்வையாளர்களைப் படுத்துப் பார்க்க விடுகிறார்கள். நான் படுத்தேன், எழும்ப மகள் கை கொடுக்கவேண்டியிருந்தது. உயரமானவர்கள் தலையைக் கவனியுங்கள், தோள்பை கொண்டுபோகாதீர்கள். பெட்டியுடன் வந்திருந்தால் நிலையத்திலேயே நாணயப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வருவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குரே கடற்படைக் கறிக்குப் பேர்போன ஊர். கடலில் கிழமை மறந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு வெள்ளியும் கப்பலில் கறியும் சோறும் பரிமாறுவார்களாம். ஒவ்வொரு கப்பலின் செய்முறையையும் ஊரில் ஒவ்வொரு உணவகம் பெற்றுச் சமைக்கிறது. கறி என்ற சொல்லைக் கேட்டு நாங்கள் ஆசையோடு போனோம். மாவு கரைத்த தடித்த, இனிப்பான குழம்பு, உறைப்புக் கிடையாது. அடித்தளம் பெரும்பாலும் மாட்டிறைச்சியோ பன்றியோ. மாடு சாப்பிடாத மகள் தட்டைத் தொடவில்லை. சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் கீழே கடைத்தொகுதியில் சோற்றுருண்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதிலும் உள்ளே மீன் வைத்திருக்கும், கேட்டு வாங்குங்கள். அம்மம்மாவின் மீன் குழம்பு இருக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தக் கறியைப் பற்றி நீதி வழங்கும் தகுதி இல்லை என்றாள் மகள்.

திரும்பும்போது புகையிரதத்தில் ஏறவில்லை. அருங்காட்சியகத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து ஹிரோஷிமாவின் உஜினா துறைக்குச் செல்லும் கப்பல் முக்கால் மணி நேரம் எடுக்கும். புகையிரதத்தைவிடக் கட்டணம் கூட, சுற்றுலாப் பயணிகளுக்கான புகையிரதச் சீட்டு இதற்குச் செல்லாது. ஆனாலும் ஒரு வழியாவது கடலில் வாருங்கள். நீரிலிருந்து பார்த்தால்தான் குரே ஒரு துறைமுகமாகத் தெரிகிறது. நாங்கள் பின்தளத்தில் நின்றோம். கப்பல் கட்டும் தளத்தின் பாரந்தூக்கிகள், அந்தப் பெரிய கூரை, ஒரு புதிய சரக்குக் கப்பலின் துருச்சிவப்பு உடல் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிறுத்தன. தீவு ஒன்று குறுக்கே வந்ததும், கதவை இழுத்து மூடியதுபோல், ஊர் முழுவதும் மறைந்துவிட்டது. மகள் கைபேசியில் படம் எடுக்க ஆயத்தமானபோது எடுப்பதற்கு அங்கே மலையும் தண்ணீரும்தான் இருந்தன.